பசையின் கட்டைவிரல்

சொத்து எண் இயக்ககத்தில் எண் இல்லாத பொருளே கிடையாது. நாற்காலிக்கு ஒரு எண், அதன் கால்களுக்குத் தனித்தனி எண். குப்பைக் கூடைக்கு ஒரு எண், அதன் மூடிக்கு வேறொரு எண். மூடி தொலைந்து வருடக்கணக்காகிறது, எண் மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஊரில் யார் எந்த இயந்திரத்தை வாங்கினாலும் விற்றாலும் இங்கே வந்து எண் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். எண் இல்லாத பொருள் பொருளே அல்ல என்பது இயக்ககத்தின் கொள்கை. அதை ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டி, அந்தப் பலகைக்கும் ஒரு எண் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டுகிறவர் ஒரே ஆள். நியமன உத்தரவில் ‘பொருள் உதவியாளர்’ என்று போட்டிருந்தாலும் ஆபீசில் எல்லோருக்கும் அவர் பசைதான். “பசை எங்கே?”, “பசை லீவா?”, “பசையைக் கூப்பிடு.” வீட்டில் மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவர் இதற்கெல்லாம் வருத்தப்பட்டதில்லை. சொல்லப்போனால் உள்ளூர ஒரு பெருமை. ஸ்டிக்கரை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய் தேய்த்தாரானால் கோணல் இருக்காது, குமிழ் இருக்காது, உரிக்க நினைத்தால் நகம்தான் உடையும். மனுஷனுக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டுமே!

அவர் மேசையடியில் ஸ்டிக்கரின் பின்தாள் எப்போதும் குவிந்து கிடக்கும். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தரை துடைக்கிற அக்கா அதைப் பொறுக்கிப் போடுவார். “தம்பி, நேத்து நிறையத் தோல் உரிச்சீங்க போல” என்பார். பசை கூச்சத்தோடு காலைத் தூக்கிக்கொள்வார். ஆபீசில் அவரைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அந்த அக்காதான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, இயக்குநர் குனிகிற வரைக்கும்.

ஆண்டுச் சரிபார்ப்புக்கு வந்த இயக்குநர் கவுன்ட்டர் கம்ப்யூட்டரின் எண்ணைப் படிக்கக் குனிந்தார். ஸ்டிக்கர் பெட்டியின் பக்கவாட்டில் கீழே இருந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டுவிட்டது. குனிந்த வாக்கிலேயே காரில் ஏற்றி அனுப்பினார்கள். மறுவாரம் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் அடையாளவில்லை (ஸ்டிக்கர் என்ற சொல்லை இயக்ககம் ஒப்புக்கொள்வதில்லை) எல்லாப் பொருள்களிலும் முகப்பின் நட்ட நடுவில், ஓர் அதிகாரி குனியாமல் படிக்கும் உயரத்தில் ஒட்டப்பட வேண்டும். உரிக்க முடியாதபடி தடித்த தாளில், இயக்ககத்தின் வட்ட முத்திரையோடு இருக்க வேண்டும். ஒட்டியதை உரிப்பவர் மீது நடவடிக்கை பாயும்.

கவுன்ட்டர் கம்ப்யூட்டருக்கு முகப்பின் நட்ட நடுவில் இருந்தது, அதைப் போடுகிற பொத்தான்.

பசை மேலாளரிடம் போய்க் கேட்டார். மேலாளர் ஒரு அம்மாள். குதிகால் செருப்பு டக் டக்கென்று முன்னால் வர, அவர் பின்னால் வருவார்.

“மேடம், நடுவுல பொத்தான் இருக்கு. கொஞ்சம் தள்ளி ஒட்டட்டுமா?”

“தள்ளின்னா எவ்வளவு தள்ளி? சுற்றறிக்கையில தள்ளின்னு இருக்கா?”

“இல்ல மேடம்.”

“மேலேயே ஒட்டுங்க. முத்திரைய அமுக்கினா கம்ப்யூட்டர் ஆன் ஆகும். நல்லாத்தானே இருக்கு? நம்ம முத்திரையத் தொட்டுத்தான் நாளே தொடங்கும்!”

இது இயக்குநர் காதுக்குப் போய், அவர் பூரித்துப்போய், மேலாளருக்குப் பாராட்டுக்கூட வந்துவிட்டது. பசை அன்று சாயங்காலமே, அணைத்து வைத்திருந்த பெட்டியின் முகத்தில் ஸ்டிக்கரை வைத்து, கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். தன் வேலையைத் தானே ஒரு தடவை தள்ளி நின்று பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் கவுன்ட்டர் குமாஸ்தா முத்திரையை அமுக்கினார். விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி ‘விர்’ரென்றது. திரையில் ஏதோ எழுத்து வருகிற மாதிரி இருந்தது. அப்புறம் பொசுக்கென்று எல்லாம் அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினார். மறுபடி விளக்கு, விசிறி, பொசுக். வரிசையில் முதல் ஆளாக ஒரு தையல்காரர், பழைய தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்துகொண்டு நின்றிருந்தார். அதற்கு எண் வாங்கினால்தான் அதில் அவர் தைக்கலாம். “இதோ வந்துடும், உட்காருங்க” என்றார்கள். பாவம், உட்கார்ந்தார்.

கணினி நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார்.

“மேடம், பவர் வருது. அதுல சந்தேகமே இல்ல. ஆனா வந்த பவர் நிக்க மாட்டேங்குது.”

“ஏன் நிக்கல?”

“நிக்காததுதான் பிரச்சினை, மேடம்.”

மேலாளர் ஆழமாகத் தலையாட்டினார். படித்தவர்கள் பேசிக்கொள்ளும்போது நமக்குப் புரியாதுதான் என்று பசை நினைத்துக்கொண்டார்.

நிபுணர் வயரை மாற்றினார். வேறு பிளக்கில் செருகினார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பவர் சப்ளைப் பெட்டியையே புதிதாகப் போட்டார். நினைவக அட்டையை உருவி, ரப்பரால் தேய்த்து, மறுபடி செருகினார். ஒவ்வொரு முறையும் விளக்கு, விசிறி, பொசுக். “முன்பக்கம் பார்த்தீங்களா சார்?” என்று தையல்காரர் பெஞ்சிலிருந்து கேட்டார். நிபுணருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

“முன்பக்கத்துல முத்திரை இருக்கு, தெரியுதா? அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. நான் உள்பக்க நிபுணர்.”

போகும்போது, பரிசோதித்ததற்கு அடையாளமாகக் கண்ணாடி மாதிரி ஒரு ஸ்டிக்கரைக் கொடுத்து, முத்திரையின் மேலேயே ஒட்டச் சொன்னார். பசை ஒட்டினார். நன்றாக அழுத்தியே ஒட்டினார். நிபுணர் அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு ஸ்டிக்கர் ஏறியது. வரிசையில் நிற்கிறவர்களின் கிழிந்த பைகளைத் தையல்காரர் கையாலேயே தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

கடைசியில் புதுக் கம்ப்யூட்டரே வந்தது. காலையிலிருந்து அருமையாக ஓடியது. திரை பளிச்சென்று எரிந்தது. ஆனால் எண் ஒட்டாத பொருளில் வேலை செய்யக் கூடாதே! அதற்காக ஒரு விழா வைத்தார்கள். இயக்குநர் வந்து, உயரமான நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தபடியே பேசினார்.

“ஒரு கணினி அணையலாம். இயக்ககம் அணையாது. இங்கே பொருள்கள் வரும், போகும். நான் கேட்கிறேன், பொருள் முக்கியமா, எண் முக்கியமா? பொருள் கெட்டுப்போகும். எண் என்றைக்காவது கெட்டுப்போய்ப் பார்த்திருக்கிறீர்களா? சிலர் சொல்கிறார்கள், என் முதுகுக்காகச் சுற்றறிக்கை போட்டேன் என்று. ஆமாம், போட்டேன். நான் குனியாமல் இருப்பதால்தான் இந்த இயக்ககம் நிமிர்ந்து நிற்கிறது!”

எல்லோரும் கைதட்டினார்கள். பசையை முன்னால் அழைத்தார்கள். இத்தனை பேர் பார்க்க அவர் ஒட்டியதில்லை. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்டிக்கரை நடுவில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். விரலுக்கு அடியில் ‘டிக்’ என்று ஏதோ அமுங்கியது. அமுங்கியது திரும்ப எழும்பவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் திரை கறுத்துப்போய்விட்டது.

அந்த ‘டிக்’ பசையின் விரல் வழியாக ஏறி நேரே நெஞ்சுக்குள் போய் விழுந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தால் கம்ப்யூட்டர் அணையத்தானே செய்யும்? முதல் கம்ப்யூட்டரும் கெடவில்லை, இதுவும் கெடவில்லை. இரண்டின் தலையிலும் விரலை வைத்து அமுக்கியபடி நிற்பது அவருடைய ஸ்டிக்கர். எதைப் பற்றி இத்தனை நாள் பெருமைப்பட்டாரோ அதுதான் குற்றவாளி. காது மடல் இரண்டும் சுட்டன. அம்மணமாக நிற்கிற மாதிரி கூனிக்குறுகிப்போனார்.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு மேலாளர் அறைக்குள் போனார்.

“மேடம், வந்து… அந்த ஸ்டிக்கர்…”

“அடையாளவில்லை.”

“ஆமா மேடம், அடையாளவில்லை. அதுக்கு அடியில…”

“இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் ஸ்டிக்கர் ஸ்டிக்கர்னுட்டு! இயக்குநர் காதுல விழுந்தா என்ன நினைப்பார்? சரி, சொல்லுங்க, அடையாளவில்லைக்கு என்ன?”

அவர் சேர்த்து வைத்திருந்த தைரியம் அந்தச் சொல்லைத் திருத்திக்கொள்வதிலேயே தீர்ந்துபோய்விட்டது. “நல்லா ஒட்டியிருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

இதற்குள் காரணம் கண்டறியும் குழு ஒன்று அமைக்கப்பட்டு, அது ஒரு முடிவுக்கும் வந்துவிட்டது. குழு போன வழி ரொம்பத் தெளிவானது. எண் உள்ள பொருள்கள் எல்லாம் சரிபார்க்கப்பட்டவை. சரிபார்க்கப்பட்டவற்றில் தவறு இருக்க முடியாது. ஆகவே தவறு, எண் இல்லாத ஏதோ ஒன்றில்தான் இருக்க வேண்டும். ஆபீஸ் முழுக்கத் தேடியதில் எண் இல்லாதவை இரண்டுதான் அகப்பட்டன. ஒன்று, காலையில் தரையில் இருக்கும் ஈரம். இன்னொன்று, அந்த ஈரத்துக்குக் காரணமான அக்கா. அவர் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர், ஊழியர் எண் கிடையாது.

பசையைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளரும் நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சுவரோரமாக, துடைக்கிற துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்தபடி நின்றிருந்தார்.

“காலையில நீங்க வரும்போது தரை ஈரமா இருக்குமா?”

“இருக்கும் மேடம். ஆனா அது…”

“கேட்டதுக்கு மட்டும் பதில். ஈரமா, இல்லையா?”

“ஈரம்தான்.”

“கையெழுத்துப் போடுங்க.”

பொய் இல்லை. தரை ஈரம்தான். தரை துடைத்தால் ஈரமாகத்தான் இருக்கும், குழந்தைக்குக்கூடத் தெரியும். பசை கையெழுத்துப் போட்டார். பேனாவை அழுத்திப் பிடித்ததும் அதே கட்டைவிரல்தான். அக்கா பக்கம் அவர் திரும்பவில்லை. வாளியை மூலையில் கவிழ்த்து வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள்.

“ஏங்க, ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு?”

“சொன்னா என் வேலை போயிடும்டி.”

“சொல்லாததால அவங்க வேலை போயிடுச்சே!”

கோபம் வந்தும் மனைவி பசை என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டைத் தேடிப் போனார். செங்குத்தான படிக்கட்டு ஏறி, ஒரே அறை. அவர் கணவர் இடுப்பு முறிந்து ஒரு பக்கமாகப் படுத்திருந்தார். இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அக்கா எதிரே தரையில் உட்கார்ந்தார். பசை வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

“என்னை மன்னிச்சிருங்க தம்பி. என்னால உங்களை விசாரணை வரைக்கும் இழுத்துட்டாங்க.”

“ஐயோ, நீங்க என்னக்கா…”

“இல்ல தம்பி. வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். சண்டைதான் போட்டிருப்பேன். நீங்களே கையெழுத்துப் போட்டீங்க பாருங்க, அப்பதான் சரி, தப்பு நம்ம மேலதான்னு புரிஞ்சுது. இப்பல்லாம் வீட்டுலகூட ஈரக்கையோட ஸ்விட்ச் பக்கம் போறதில்ல. இன்னும் ரெண்டு ஆபீஸ்ல கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டரைக் கெடுத்தவங்களான்னு கேக்கறாங்க. நியாயம்தானே?”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. “உடம்பப் பாத்துக்குங்கக்கா” என்றுதான் வாயில் வந்தது. படி இறங்கும்போது, சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு இறங்கினார்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போனார். தரை காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. வெந்நீரில் நனைத்த கைக்குட்டையைப் புதுக் கம்ப்யூட்டரின் ஸ்டிக்கர் மேல் வைத்து ஊறவிட்டு, நகத்தால் சுரண்டினார். தன் வேலை எவ்வளவு கெட்டியானது என்று அன்றைக்குத்தான் அவருக்கே தெரிந்தது. ஒரு நகம் உடைந்தது. கடைசியில் ஸ்டிக்கர் முழுசாக உரிந்து வந்தது. ‘டிக்’. பொத்தான் மூச்சு விடுகிற மாதிரி மேலே எழும்பியது. அமுக்கினார். விளக்கு எரிந்தது, விசிறி ஓடியது, திரை எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. பசை நின்றபடி அழுதுவிட்டார்.

டக் டக்கென்று செருப்புச் சத்தம். கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். ஒரு வகையில் அதுவும் நல்லதாகப் போயிற்று, எல்லாவற்றையும் மடமடவென்று கொட்டிவிட்டார். மேலாளர் நிதானமாகக் கேட்டார். கதவைச் சாத்தினார்.

“நீங்க சொல்றது உண்மைன்னே வச்சுக்குவோம். அப்ப தப்பு யார் மேல? அடையாளவில்லை மேல. அது யார் சொல்லி ஒட்டினது? இயக்குநர். அவர் தப்பு பண்ண முடியுமா? முடியாது. மேலேயே ஒட்டலாம்னு சொன்னது நான். அதுக்கு எனக்குப் பாராட்டு வந்திருக்கு. பாராட்டு வாங்கின விஷயம் எப்படித் தப்பாகும்? மிச்சம் இருக்கறது யாரு? ஒட்டின கை. அதை இப்ப உரிச்சதும் அதே கை. நான் உங்களைக் காப்பாத்தணும்னு பார்க்கறேன், நீங்க என்னடான்னா உண்மைய சொல்லிட்டு இருக்கீங்க!”

பசையின் முகத்தில் ஈயாடவில்லை.

“அக்கா…”

“அவங்களைத் திரும்ப எடுத்துக்கலாம். நாங்க என்ன கல்நெஞ்சுக்காரங்களா? ‘குழுவின் மேற்பார்வையில் கணினி தானாகவே சரியாயிற்று’ன்னு அறிக்கை கொடுத்துடறோம். அவங்க ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுக்கட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்க. அடையாளவில்லைய இனிமே பொத்தானுக்கு ஒரு விரல் மேல ஒட்டிக்குங்க, நான் பார்க்கல. எல்லாருக்கும் நல்லது.”

பசை தலையாட்டினார். அக்காவுக்கு வேலை கிடைக்கிறதே, அது போதாதா? தனக்குத்தானே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். எத்தனை தடவை சொன்னாலும் அது ஒட்டவில்லை.

அக்கா வந்தார். மன்னிப்பில் கைநாட்டு வைத்துவிட்டு நேரே பசையின் மேசைக்கு வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க எனக்காகப் பேசினீங்களாமே தம்பி. மேடம் சொன்னாங்க. உங்க குடும்பம் நல்லா இருக்கணும்.” அன்று முதல் அவர் தரை துடைப்பதே மாறிப்போயிற்று. துணியைச் சொட்டு இல்லாமல் பிழிவார். கம்ப்யூட்டர் மேசைப் பக்கம் வந்தால் நின்றுவிடுவார். அதைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்குத் துடைக்காமலே விட்டுவிட்டுப் போவார். அந்த இடத்தில் தூசி சேர்ந்தது. பசை அதைப் பார்க்காமல் இருக்க முகத்தை எங்கே திருப்பினாலும் அது கண்ணில் பட்டது.

ஒரு காலை அதற்குமேல் தாங்க முடியவில்லை. கூடத்தில் வேறு யாரும் இல்லை. தையல்காரர் எண் வாங்கிக்கொண்டு எப்போதோ போய்விட்டார்.

“அக்கா, கம்ப்யூட்டரைக் கெடுத்தது நீங்க இல்ல. நான்தான்.”

“சும்மா இருங்க தம்பி. என்னைத் தேத்தறதுக்காக எதையாவது சொல்லாதீங்க.”

“இல்லக்கா, இங்க வாங்க. பாருங்க.”

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் பொத்தானில் கட்டைவிரலை வைத்தார். அமுக்கினார். விடாமல் பிடித்தார். பொசுக்கென்று எல்லாம் அணைந்தது.

“இதைத்தான் என் ஸ்டிக்கர் பண்ணுச்சு. ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன்.”

அக்கா கறுத்த திரையைப் பார்த்தார். அவர் விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று பசை காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டார்.

படிக்கட்டில் டக் டக்கென்று செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா சட்டென்று வாளியை இழுத்து, துணியை நனைத்து, மேசையடியில் இத்தனை நாளும் தொடாத அந்தத் தூசியின் மேல் போட்டார்.

“கைய எடுங்க தம்பி” என்றார் தாழ்ந்த குரலில். “பார்த்தா உங்களை விட மாட்டாங்க. எனக்குப் பழகிடுச்சு.”

மேலாளர் வாசலில் வந்து நின்று, அணைந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பசையின் கட்டைவிரல் அப்போது பொத்தானில் இல்லை. பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது.